வெள்ளிக்கிழமை முழு மதிப்பெண்

குறுக்காக ஒரு கோடு. அதை வெட்டிக்கொண்டு நெட்டாக ஒரு கோடு. அடியில் மறுபடியும் குறுக்குக் கோடு. மேல்கோடு குட்டையாகவும் அடிக்கோடு நீளமாகவும் இருந்தால் அந்தச் சீன எழுத்துக்கு ‘மண்’ என்று பொருள். மேல்கோடு நீண்டு அடிக்கோடு குறுகிவிட்டால் ‘அறிஞர்’. எங்கள் புளோக்கில் எதிர்வீட்டுப் பையன் தொடக்கநிலை இரண்டில் படித்தபோது, வியாழக்கிழமை இரவுகளில் இதுபோன்ற எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில் வரிவரியாக எழுதிக்கொண்டிருப்பான். மறுநாள் வகுப்பில் ‘திங்ஷியெ’. நம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் எப்படியோ அப்படித்தான். அம்மா வாசிப்பார், அவன் எழுதுவான், பிழைத்தால் பத்து முறை. வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்கிவிடுவான். இரண்டு வாரம் கழித்துக் கீழே காப்பிக்கடைப் பலகையில் அதே எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டால், அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான்.

பத்துக்குப் பத்து வாங்கியவனும் உதட்டைப் பிதுக்கியவனும் ஒரே பையன்தான். சீனம் வராமல் தவிக்கும் மாணவர்களுக்கு உதவச் சிங்கப்பூர் எடுத்த முயற்சிகள் பல. பாடத்தை மாற்றினார்கள், தேர்வை மாற்றினார்கள், கற்பிக்கும் முறையை மாற்றினார்கள். அவற்றில் எது யாருக்குப் பலித்தது, எது யாரைக் கைவிட்டது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சிக்கலின் வேரைப் பார்ப்போம். சிங்கப்பூர்ப் பள்ளியில் ‘தாய்மொழி’ என்பது பெரும்பாலும் இனத்தை வைத்துக் குறிக்கப்படுகிறது. சீனப் பிள்ளைக்கு மாண்டரின் தாய்மொழி. ஆனால் அந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா ஹொக்கியனோ தியோச்சியுவோ கேண்டனீஸோ பேசியவராக இருந்திருப்பார். 1979இல் தொடங்கிய ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் அந்த வீடுகளை மாண்டரின் பக்கம் திருப்பியது. 1980களின் இறுதிக்குள் பள்ளிகள் எல்லாம் ஆங்கில வழிக்கு வந்துவிட, அடுத்த தலைமுறை வீட்டிலும் ஆங்கிலத்துக்கு நகர்ந்தது. 2019 அக்டோபரில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு இது: தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை படிக்கும் சீனக் குடும்பங்களில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவோர் 71 விழுக்காடு. இருபது ஆண்டுகளுக்கு முன் அது 42 விழுக்காடாக இருந்தது.

சீனாவில் ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது மொழி ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது. தெரிந்த சொல்லுக்கு எழுத்து உருவம் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. இங்கே ஒலி, பொருள், உருவம் மூன்றும் ஒரே நாளில் புதிதாக வந்து இறங்குகின்றன. போதாக்குறைக்கு, ஒலியைக் குறிக்க உதவும் பின்யின் ரோமன் எழுத்தில் இருக்கிறது. ஆங்கில வகுப்பில் ஓர் ஓசை தந்த எழுத்து அடுத்த மணிநேரத்தில் வேறோர் ஓசை தருகிறது. ஏழு வயதில் இதற்கெல்லாம் ஈடுகொடுப்பது எளிதல்ல.

பழைய முறை இந்தச் சுமையைக் கையின் மேல் போட்டது: எழுது, மனப்பாடம் செய், மறுபடி எழுது. இந்த முறையின் மீது விழுந்த கடுமையான விமர்சனம் அதை நிறுவியவரிடமிருந்தே வந்தது. 2009 நவம்பரில் சிங்கப்பூர்ச் சீனமொழி நிலையத்தின் தொடக்க விழாவில் பேசிய லீ குவான் இயூ, சொல்வதெழுதுதலையும் மனப்பாடமாக எழுதுவதையும் வற்புறுத்தியது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை அறவே தவிர்த்துச் சீனம் கற்பித்தது அவர்களை வெறுப்படையச் செய்துவிட்டது என்றும் சொன்னார். இருமொழிக் கொள்கைக்கு உயிர்கொடுத்தவரே இப்படிச் சொன்ன பிறகு, திங்ஷியெவுக்கு வக்காலத்து வாங்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றும்.

ஆனால் ஆய்வு அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுத விடவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லி ஹாய் டானும் அவருடைய குழுவினரும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீனத்தில் வாசிக்கும் திறன் எழுதும் திறனோடு இறுகப் பிணைந்திருக்கிறது என்பது அதன் முடிவு. கோடு கோடாகக் கையால் எழுதும்போதுதான் எழுத்தின் உள்கட்டமைப்பு மனத்தில் பதிகிறது. அதே குழு 2013இல் இன்னொன்றையும் காட்டியது: பின்யினைத் தட்டி எழுத்தைத் திரையில் தேர்ந்தெடுக்கும் பழக்கம் கூடிய சீனப் பிள்ளைகளிடம் வாசிப்பு மதிப்பெண் குறைந்திருந்தது. ஆக, கைக்குக் கொடுத்த வேலை முழு வீண் அல்ல. மண்ணையும் அறிஞரையும் பிரித்தறிய அந்த நீளக் கோட்டைக் கை ஒருமுறையாவது இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதிர்வீட்டுப் பையனுக்கு ஏன் ஒட்டவில்லை? பெய்ஜிங் பிள்ளையின் கை, காது ஏற்கெனவே அறிந்த சொல்லை எழுதுகிறது. இவன் கை, கேட்டே இராத சொல்லை எழுதியது. ஆணி நல்ல ஆணிதான், அடிப்பதற்குச் சுவர் இல்லை.

சுவர் எழுப்பும் முயற்சி 2004ஆம் ஆண்டின் சீனமொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வந்தது. 2007 முதல் தொடக்கநிலை வகுப்புகளில் பாடத்தைக் கூறுகளாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் பொதுவான மையக் கூறு. வீட்டில் சீனமே கேட்காத பிள்ளைக்கு முன்னதாக ஓர் இணைப்புக் கூறு. வேகமாகப் போகிற பிள்ளைக்குக் கூடுதல் கூறு. ‘முதலில் அடையாளம் காண், பிறகு எழுது, நிறைய அடையாளம் காண், குறைவாக எழுது’ என்பது புதிய நெறியாயிற்று. கட்டுரைத் தாளில் அகராதி வைத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது.

இதன் பலம் வெளிப்படை. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எட்டும் தூரத்தில் வந்தது. எழுதத் தெரியாத எழுத்தையும் வாசிக்கலாம் என்றதும் வாசிப்பின் பரப்பு விரிந்தது. பலவீனமும் உண்டு. அடையாளம் காண்பது வழுக்கலான திறமை. எழுத்தைப் பக்கத்துப் படத்தோடும் வாக்கியத்தில் அதன் இடத்தோடும் சேர்த்து அறிந்துகொண்ட பிள்ளை, படத்தை எடுத்துவிட்டால் திகைக்கிறது. ‘குறைவாக எழுது’ என்பது வகுப்பறைக்கு வரும்போது ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று தேய்ந்துவிடும் அபாயமும் இருக்கிறது. மேல்வகுப்பில் எழுத்து வேலை மொத்தமாக வந்து விழும்போது அந்தக் கடன் வட்டியோடு திரும்புகிறது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுவது. ‘ச்சிங்’ என்ற ஓசை தரும் ஓர் உறுப்பு உண்டு. அதன் பக்கத்தில் நீரின் குறியை வைத்தால் தெளிவு. கதிரவனை வைத்தால் வெயில் நாள். மனத்தை வைத்தால் உணர்வு. பேச்சை வைத்தால் வேண்டுகோள். தொனிகள் மாறினாலும் நான்கும் ‘ச்சிங்’ குடும்பம். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பொருள் உறுப்பும் ஒலி உறுப்பும் சேர்ந்தவை. நான்கு எழுத்தை நாற்பது முறை எழுதுவதைவிட, குடும்பத்தை ஒருமுறை அறிமுகம் செய்வது சிக்கனமானது. ஆனால் இதையும் மந்திரமாக நம்பிவிடக் கூடாது. அதே உறுப்போடு விலங்கின் குறி சேர்ந்தால் வருவது ‘ஊகித்தல்’. அதன் ஒலி ‘ட்சாய்’. ஊகம் என்ற எழுத்தே ஊகத்துக்குப் பிடிகொடுக்காது. எங்கே விதி நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று சொல்லித்தரும் ஆசிரியர் வாய்த்தால் மட்டுமே இந்த வழி பயன்படும்.

அடுத்தது, ஆங்கிலத்தைக் கைத்தடியாகக் கொள்வது. 2002 முதல் சில தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிச் சீனம் கற்பித்துப் பார்த்தார்கள். ஒரு சொல்லின் பொருளை ஐந்து நிமிடம் சைகை காட்டி விளக்குவதற்குப் பதில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பிள்ளையின் முகத்தில் இருந்த பயம் இறங்கும். கேள்வி கேட்கத் துணிவு வரும். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மொழி வகுப்பில் வாயை மூடிக்கொண்ட பிள்ளை எந்த முறையிலும் கற்காது. ஆனால் பல பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் சீனம் காதில் விழுவது அந்த ஒரு பாடவேளையில்தான். அதிலும் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? கைத்தடியை எப்போது கீழே வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அது மூன்றாவது காலாகிவிடும்.

கற்பிக்கும் முறையை விட்டுத் தேர்வின் பக்கம் வந்தால் சிக்கல் கூர்மையாகிறது. தவிக்கும் மாணவருக்குத் தொடக்கநிலை ஐந்திலிருந்து ‘அடிப்படைச் சீனம்’ இருக்கிறது. இது கேட்பதிலும் பேசுவதிலும் அதிகம் நிற்கும் எளிய பாடம். உயர்நிலையில் ‘சீனம் பி’ இருக்கிறது. 1999இல் அன்றைய துணைப் பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் அறிவித்த மாற்றங்களிலிருந்து பிறந்தது அது. மிகவும் இயலாதவர்க்கு முழு விலக்கும் உண்டு. இவற்றின் நன்மையைக் குடும்பங்களே சொல்லும். ஒவ்வொரு மாலையும் அழுகையில் முடிந்த வீட்டில் அமைதி திரும்பியிருக்கிறது. சீனம் ஒன்றுக்காகவே வெளிநாட்டில் குடியேறுவதைப் பற்றிப் பேசிய பெற்றோர் தங்கியிருக்கிறார்கள்.

ஆனால் விலைச்சீட்டைப் பாருங்கள். 2021 முதல் நடப்பில் உள்ள தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை தருகிறார்கள், ஒன்று சிறந்தது. அடிப்படைச் சீனத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கைக் கணக்கில் அது ஆறாம் நிலைதான். வழக்கமான தாளில் 45 முதல் 64 வரை வாங்கிய பிள்ளைக்கும் அதே ஆறு. விலக்குப் பெற்றவருக்கும் ஆறு முதல் எட்டுக்குள் ஒரு நிலை ஒதுக்கப்படுகிறது. கடினமான தாளை எழுதியவருக்கு அநீதி ஆகக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. விளைவு என்ன? எளிய பாடம் தேவைப்படும் பிள்ளையின் பெற்றோர், ‘எப்படியும் ஆறுதானே, பெரிய தாளிலேயே தள்ளிக்கொண்டு போகலாம்’ என்று கணக்குப் போடுகிறார்கள். துணைப்பாட ஆசிரியரைத் தேடுகிறார்கள். உதவியாக வந்த பாடம், உதவி தேவைப்படுகிறவரே ஒதுங்கிப் போகும் பாடமாகிறது.

இதைச் சரிசெய்யச் சுமையைப் பொதுவாகவே குறைக்கலாமே என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். 2010இல் இறுதித் தேர்வில் தாய்மொழியின் பங்கைக் குறைக்கக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும் சீனச் சமூகம் கொதித்தது. மே மாதம் ஹாங் லிம் பூங்காவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பங்கு குறையாது என்று அரசு உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் பயம் வெற்றுப் பயமில்லை. தேர்வில் எடை குறைந்த பாடத்துக்கு வீட்டில் என்ன கதி என்பது சிங்கப்பூர்ப் பெற்றோர் அனைவருக்கும் தெரியும்.

இத்தனை முயற்சிக்குப் பிறகும் நிறைவில்லாமல் இருப்பதற்கு என் கணிப்பில் ஒரு காரணம் முந்தி நிற்கிறது. பிள்ளைகளை மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிக்கிறோம், காரணத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. நாற்பது மதிப்பெண் வாங்கிய மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குக் காதில் மொழியே விழுந்ததில்லை. அதற்கு வேண்டியது பேச்சு, நிறையப் பேச்சு. இரண்டாவது நன்றாகப் பேசும், எழுத்தைக் கண்டால் குழம்பும். அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். சீனத்தில் டிஸ்லெக்சியா ஆங்கிலத்தில் காட்டும் முகத்தையே காட்டும் என்று சொல்ல முடியாது. ஓசைகளைப் பிரித்தறியும் குறையைவிட, எழுத்தின் வடிவத்தையும் சொல்லின் பொருட்கூறுகளையும் பற்றிக்கொள்ளும் குறை அங்கே அதிகம் பேசப்படுகிறது. மூளையில் அது தொடர்புடைய பகுதி வேறு என்று 2004இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகள் பொதுவான கூறுகளையும் சுட்டின. எப்படியானாலும், ஆங்கிலத்துக்காகச் செய்த சோதனையை வைத்துச் சீனத்துக்கு மருந்தெழுத முடியாது. மூன்றாவது பிள்ளைக்கு எல்லாப் பாடமும் மெதுவாகத்தான் வரும். அதற்கு நேரம் வேண்டும், எளிய பாடம் உண்மையிலேயே பொருந்தும்.

இந்த மூவரையும் அடிப்படைச் சீனம் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறது. பேச்சுக்கு முதலிடம் தருவதால் முதல் பிள்ளைக்கு ஓரளவு உதவுகிறது. அதற்குப் பத்து வயது ஆகிவிட்டது என்பதுதான் குறை. மூன்றாவது பிள்ளைக்கு நன்றாகவே உதவுகிறது. இரண்டாவது பிள்ளைக்கு, ஏற்கெனவே வரும் பேச்சையே மறுபடி தருகிறது. அது தடுக்கி விழும் இடம் தொடப்படாமலே கிடக்கிறது. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் சீனத்துக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறது. அப்படிப்பட்ட உதவி பள்ளிக்கு வெளியே தேடிப் போகிறவர்க்கு மட்டும் கிடைப்பது போதாது.

தமிழ் வாசகருக்கு இது அயல்வீட்டுக் கதை அல்ல. லீ சியன் லூங் அந்த 2019 உரையில் சொன்ன இன்னோர் எண்: தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை படிக்கும் இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 70 விழுக்காடு. அடிப்படைத் தமிழும் தமிழ் ‘பி’யும் இதே சட்டத்தில்தான் ஓடுகின்றன. நம் எழுத்து ஒலியைக் காட்டிவிடும் என்பதால், பொருள் தெரியாமலே சரளமாக வாசிக்கும் பிள்ளை நம்மிடம் உண்டு. அந்தச் சரளத்தைக் கண்டு நாம் ஏமாறுவதும் உண்டு. சீனம் அந்த அளவில் நேர்மையானது. தெரியாவிட்டால் தெரியாது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்வீட்டுப் பையனோடு ஒருநாள் காப்பிக்கடையில் நின்றேன். சீனத்தில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே ஓசை, ‘மாய்’. தொனி மட்டும் வேறு. எழுத்திலும் அப்படியே: ‘வாங்கு’ எழுத்தின் தலையில் பத்தைக் குறிக்கும் சிலுவைக் கோட்டை வைத்தால் ‘விற்பனை செய்’. நோட்டில் இரண்டையும் பிழையில்லாமல் எழுதியவன்தான். கடைக்கார அம்மாவிடம் தொனி பிசகி, “ஒரு மைலோ விற்க வேண்டும்” என்றான். அவர் சிரித்து, “சரி, எவ்வளவுக்குத் தருவாய்?” என்று சீனத்திலேயே கேட்டார். பின்னால் வரிசை நின்றது. அவர் அவசரப்படவில்லை. பையன் காது சிவந்து, யோசித்து, தொனியைத் திருத்திச் சொல்லி, மைலோவை வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் அவன் தடுமாறி நான் கேட்டதில்லை.

அவன் முதல் வகைப் பிள்ளை. அவனுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நிமிடம், வாரத்துக்கு இன்னும் நூறு முறை. அதே வரிசையில் அவனுக்குப் பின்னால் இரண்டாவது வகைப் பிள்ளை நின்றிருந்தால், மைலோவைத் தடுமாறாமல் கேட்டு வாங்கியிருக்கும். பலகையை வாசிக்கச் சொன்னால்தான் அதன் தவிப்பு தெரிந்திருக்கும்.