புதையலும் உழைப்பும்

1984இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் கதை நிகழ்வது 1935ஆம் ஆண்டின் இந்தியாவில். வெளிப்புறக் காட்சிகள் பல படமாக்கப்பட்டதோ கண்டிப் பிரதேசத்தில். ஸ்பீல்பேர்க்கின் தொழில்நுட்பத் திறனை நாம் மறுக்கவில்லை. சுரங்க வண்டித் துரத்தல் விறுவிறுப்பானதே. எனினும் பொறி, தப்புதல், மீண்டும் பொறி என்ற வாய்பாடு விரைவில் அலுத்துவிடுகின்றது.

சுரங்கத்தில் அடிமைகளாய் உழலும் சிறுவரைக் காட்டியமை படத்தின் வலுவான பகுதி. ஆயின், அக்கொடுமையின் ஊற்றாகக் காளி வழிபாட்டுக் கூட்டத்தையும், மீட்போராக அமெரிக்க வீரனையும் பிரித்தானியத் தளபதியின் படையையும் நிறுத்துவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், இலங்கைத் தோட்டங்களில் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலி வகுக்கப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. சிறுவர் உழைப்பு அங்கு சட்டத்துக்குட்பட்ட வழமையாகவே இருந்தது. கொழுந்தாய்க் கப்பலேறிய அப்புதையலின் கதையை ஹட்டன் மக்கள் அறிவர். அதனைச் சொல்லும் திரைப்படமே நமக்கு வேண்டியது.