தாங்குவது வேறு, வாழ்வது வேறு

துன்பத்தைத் தாங்கும் பெண்ணைப் புகழ நம் மொழிக்குச் சலிப்பதே இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைக் கடந்து வகுப்புக்கு வரும் மாணவியர், விடியுமுன்னே அங்கே மூட்டையோடு நிற்கும் பெண்களைப் பற்றி, ‘எத்தனை கஷ்டத்திலும் சிரிக்கிறார்கள்’ என்று கவிதை எழுதி வருகிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பாமாவின் ‘சங்கதி’யை (1994) வாசிக்கக் கொடுப்பேன்.

‘கருக்கு’ (1992) ஒருத்தியின் வாழ்வைச் சொன்னது. ‘சங்கதி’ ஒரு தெருப் பெண்களின் கூட்டுக்குரல். அதில் வரும் மாரியம்மா, பம்புசெட்டில் தன்னை இழுத்த நிலக்காரரிடமிருந்து தப்பி ஓடுகிறாள். அவரோ முந்திக்கொண்டு பழியை அவள்மேல் திருப்பிவிடுகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கே அபராதம் போடுகிறது. இந்தத் துன்பத்தில் என்ன அர்த்தம் இருக்கிறது? எதுவுமில்லை. பாமாவும் அப்படி ஒன்றை வலிந்து கற்பிப்பதில்லை.

அதே தெருவில்தான் ராக்கம்மா இருக்கிறாள். அடிக்கும் கணவனை நடுத்தெருவில் நின்று வாய்கூசாமல் ஏசுகிறாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முன்னால் சேலையைத் தூக்குகிறாள். கூட்டம் கலைகிறது. முதலில் கூசிப்போகும் கதைசொல்லிக்கு, அவள் அன்று உயிர் தப்ப வேறு வழி இருக்கவில்லை என்பது பிறகு புரிகிறது. நம் வகுப்பறைகள் ‘கொச்சை’ என்று ஒதுக்கும் பேச்சு அங்கே ஆயுதம். வயலில் எழும் பாட்டும் கேலியும் குலவையும் இதே வாயிலிருந்துதான் வருகின்றன. ஏச்சை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் ரசிக்கும் வாசிப்பு, அந்தப் பெண்களை மறுபடியும் பொறுமைசாலிகளாக்கிவிடும்.

இந்தக் கொண்டாட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதாகவும் நூல் சொல்லவில்லை. மாரியம்மா பழி சுமத்தப்பட்ட மாணிக்கத்துக்கே மனைவியாகி அடிபடுகிறாள். படித்து வேலைக்குப் போன கதைசொல்லியையும் சாதியும் தனித்த பெண் என்பதும் விடாமல் துரத்துகின்றன. இருந்தும் இப்பெண்கள் ஒருத்தி கதையை இன்னொருத்தியிடம் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்லச் சொல்லத்தான் ‘என் தலைவிதி’ என்பது ‘நமக்கு இழைக்கப்படுவது’ என்றாகிறது. வாழ்வைத் தழுவிக்கொள்வது என்று நான் இதைத்தான் புரிந்துகொள்கிறேன்: வலியை ஏற்காமலே சிரிப்பை விட்டுக்கொடுக்காதிருப்பது.

ஆகவே தோழியரே, அடுத்தமுறை ஒருத்தியின் சிரிப்பை எழுதும்போது அவளுக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேட்டு எழுதுங்கள்.