இரத்தப்பழியை எங்கிருந்து அளப்பது?

காவல்துறையினர் சோதனைக்கென ஒரு வீட்டினுள் புகுந்து, அங்கு வாழ்வோரைச் சுட்டுக் கொல்ல நேரும்போது எழும் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது: துப்பாக்கி வெடித்த அந்நொடிகளில் காவலருக்கு உயிராபத்து இருந்ததா, இல்லையா? ஐக்கிய அமெரிக்க நாட்டில் பிரியோனா டெய்லரின் மரணத்தைக் குறித்து 2020ஆம் ஆண்டுமுதல் நடந்துவந்துள்ள விவாதம் இதற்குத் தக்க சான்று. இக்கேள்வி தவறானதன்று, ஆனால் மிகக் குறுகியது. காவல்துறைக்காக வாதிடுவோரும், அதனைக் கண்டிப்போரும் இக்குறுகலில் பங்குடையோரே என்பது இக்கட்டுரையின் துணிபு. திருமறை, இரத்தப்பழியை வேறோர் இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறது.

1. நிகழ்ந்தது

2020 மார்ச் 13ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குள், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கதவு உடைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள், மருத்துவமனை அவசரப் பிரிவில் பணியாற்றிய 26 வயதான கறுப்பினப் பெண் பிரியோனா டெய்லரும், அவருடைய நண்பர் கென்னத் வாக்கரும் ஆவர். காவலர் தேடியது டெய்லரின் முன்னாள் நண்பர் ஒருவர் தொடர்பான போதைப்பொருள் வழக்கின் தடயங்களை. கதவைத் தட்டாமலே நுழைய நீதிபதி அனுமதி தந்திருந்தார். எனினும், தாங்கள் தட்டித் தங்களை அறிவித்ததாகவே காவலர் கூறினர். அண்டை வீட்டார் பலர் அவ்வறிவிப்பைக் கேட்கவில்லை என்றனர். ஒருவர் கேட்டதாகச் சொன்னார். திருடர் நுழைவதாக எண்ணிய வாக்கர் ஒருமுறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் குண்டு பாய்ந்தது. காவலர் 32 முறை சுட்டனர். டெய்லரின் உடலில் ஆறு குண்டுகள் பாய்ந்தன. வீட்டில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

பின் நடந்தவையும் நினைவுகூரத்தக்கவை. காவலரைக் கொல்ல முயன்றதாக வாக்கர்மேல் தொடுக்கப்பட்ட வழக்குக் கைவிடப்பட்டது. நகராட்சி 2020 ஜூனில், தட்டாமல் நுழையும் ஆணைகளைத் தடைசெய்தது. செப்டம்பரில் குடும்பத்தாருக்கு 1 கோடியே 20 இலட்சம் டாலர் இழப்பீடு அளிக்க இசைந்தது. டெய்லரைக் கொன்ற குண்டுகளுக்காக எவரும் விசாரணைக்கு நிறுத்தப்படவில்லை. வெளியிலிருந்து மூடிய சன்னலினூடே சுட்ட ஒரு காவலர் மட்டும் 2024 நவம்பரில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2025 ஜூலையில் 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் சுட்ட குண்டுகளோ எவர்மேலும் படவில்லை.

2. இருதரப்பு வாதங்கள்

ஒருசாரார் கூறுவது: தம்மேல் சுடப்பட்டபோது காவலர் திருப்பிச் சுட்டனர், தற்காப்பு எவருக்கும் உரியது, ஆகவே குற்றமில்லை. கென்டக்கி மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2020 செப்டம்பரில் எடுத்த நிலை இதுவே. அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில், காவலரின் செயலைப் பின்னோக்கிய அறிவால் அளக்காமல், அவ்விடத்தில் நிற்கும் நியாயமான காவலரின் பார்வையில் அளக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

மறுசாரார் கூறுவது: உறங்கிய பெண்ணைக் கொன்றவர்கள் கொலைஞர்கள், சுட்டவர்கள் சிறைக்குச் செல்லவேண்டும். இக்குரலில் அடங்கியுள்ள வேதனையை எவரும் இலேசாய் எண்ணலாகாது. ஆயினும் இங்கும் நோக்கு, சுட்ட கையைவிட்டு அகலவில்லை. ஒரு காவலர் சிறைசென்றால் நகரம் தூய்மையாகிவிடும் என்னும் எண்ணம் இதனுள் மறைந்திருக்கிறது.

இருசாராரும் கேளாத கேள்விகள் உள்ளன என்று சொல்வது மிகை, கேட்டோர் உண்டு. ஆனால் அக்கேள்விகள் விவாதத்தின் ஓரத்தில் நின்றன. நள்ளிரவு ஏன் தெரிந்துகொள்ளப்பட்டது? அந்த ஆணை எவ்வாறு பெறப்பட்டது? பின்னதற்கு 2022 ஆகஸ்டில் விடை கிடைத்தது: ஆணை பெறுவதற்கான பிரமாணப் பத்திரத்தில் பொய் சேர்க்கச் சதிசெய்ததைத் துப்பறியும் காவலர் ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே அம்மரணம் கதவருகே தொடங்கவில்லை, எழுதுமேசையில் தொடங்கிற்று.

3. திருமறையின் அளவுகோல்

யாத்திராகமம் 22:2-3 இங்கு நேரடியாகப் பயன்படும் பகுதி. கன்னமிடும் திருடன் அடிபட்டு இறந்தால் வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி இல்லை; சூரியன் உதித்தபின் நேர்ந்தால் பழி உண்டு. மூல எபிரெயச் சொல் 'தோண்டி நுழைதல்' என்னும் பொருளுடையது. சுவரைத் துளைப்பதைக் குறிக்கும் 'கன்னமிடுதல்' என்னும் நம் தமிழ்ச் சொல் அதற்குச் சாலப் பொருந்துகிறது. இருளில் சுவரைத் துளைத்து வருபவன் பொருளுக்காக வந்தானா, உயிருக்காக வந்தானா என்பதை வீட்டுக்காரன் அறியான். அந்த அறியாமையின் பொருட்டே சட்டம் அவனுக்கு இரங்குகிறது. வெளிச்சம் வந்தபின், அதாவது அறிவு கூடியபின், அவ்விரக்கம் குறைகிறது. சூரியன் என்பதைத் தெளிவான அறிவு என்றே தல்மூதின் ரபீமார் விளக்கினர்.

இச்சட்டத்தில் இருளின் சலுகை யாருக்கு அளிக்கப்படுகிறது? உள்ளே இருப்பவனுக்கு, நுழைபவனுக்கன்று. லூயிவில் விவாதத்தில் இது தலைகீழாயிற்று. நுழைந்தவரின் அச்சம் நியாயமாயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தவரின் அச்சம் முதலில் குற்றமாயிற்று. அன்றியும், அவ்விருள் தானாக வந்ததன்று, நுழைந்தோர் தெரிந்துகொண்டது. தாமே உண்டாக்கிய அறியாமையைத் தமக்குச் சாக்காகக் காட்ட இச்சட்டம் இடந்தராது.

உபாகமம் 24:10-11 இன்னும் ஒரு படி முன்செல்கிறது. கடன்கொடுத்தவனுக்கு அடகின்மேல் உரிமை உண்டு, ஆயினும் அதை எடுக்க அவன் வீட்டினுள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும். உரிமை வேறு, நுழைவு வேறு. ஆங்கிலேயப் பொதுச்சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்தது. 1604இல் செமேன் வழக்கில், மன்னனின் அலுவலர் கதவை உடைக்குமுன் வந்த காரணத்தை அறிவித்துத் திறக்கக் கேட்கவேண்டும் என நீதிமன்றம் கூறிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் இம்மரபை அரசியலமைப்பின் பகுதியாக ஏற்றது. ஆனால் 2006இல், அறிவிக்கத் தவறினாலும் கிடைத்த தடயத்தைத் தள்ளவேண்டியதில்லை என்றது. விதி நின்றது, அதன் வலிமை குன்றிற்று.

நாபோத்தின் சரிதை (1 இராஜாக்கள் 21) பொய்ப் பத்திரத்தின்மேல் ஒளி வீசுகிறது. அங்கும் முத்திரையிட்ட நிருபங்கள் இருந்தன, சாட்சிகள் இருந்தனர், சட்டத்தின் உருவம் குறைவற நிறைவேறிற்று. எலியாவோ கல்லெறிந்தவர்களைத் தேடிச் செல்லவில்லை. ஒரு கல்லும் எறியாத ஆகாபிடம் சென்று கொலைக்குக் கணக்குக் கேட்டான்.

4. ஆட்சேபங்கள்

ரோமர் 13:4 பட்டயத்தை அதிகாரத்தின் கையில் வைத்திருக்கிறதன்றோ எனலாம். ஆம், ஆனால் அதே வசனம் அதிகாரியைத் தேவனுடைய ஊழியக்காரன் என்கிறது. ஊழியக்காரன் கணக்கொப்புவிக்கவேண்டியவன். பட்டயம் உண்டு என்பதால் அது உறையிலிருந்து எடுக்கப்பட்ட வழி ஆராயப்படலாகாது என்பது பவுலின் கூற்றன்று.

தட்டினால் தடயங்கள் அழிக்கப்படும், காவலர் உயிருக்கும் ஆபத்து என்பது இரண்டாம் ஆட்சேபம். இது வெறும் சாக்கன்று. அன்று ஒரு காவலர் காயமுற்றதை மறுப்பதற்கில்லை. எனினும் இருளில் உடைக்கப்படும் கதவு இருபுறத்தாரையும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாக்குகிறது. 2021இல் கென்டக்கி மாநிலச் சட்டம், தட்டாமல் நுழையும் ஆணைகளைக் கொடிய குற்றங்களுக்கெனச் சுருக்கி, அவசர நிலைமை ஒழிந்த மற்றப்படி காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே மட்டும் நிறைவேற்றப் பணித்தது. சூரியனைக் குறித்த மோசேயின் கவலைக்கு இது தூரமானதன்று.

பண்டைய இஸ்ரவேலின் சட்டத்தை இக்காலக் காவல்துறைக்கு அப்படியே பொருத்தலாகாது என்பது மூன்றாவது. உண்மையே. நாம் எடுப்பது விதியையன்று, விசாரணையின் திசையை. அத்திசை உலக நீதிமன்றங்களுக்கும் எட்டாததன்று. 2006இல் அட்லாண்டா நகரில் 92 வயதான கேத்ரின் ஜான்ஸ்டன் தம் வீட்டில் இவ்வாறே கொல்லப்பட்டபோது, விசாரணை நொடிகளோடு நில்லாமல் ஆணைக்கான பத்திரம்வரை சென்றது. அது பொய் என்பதும், வீட்டில் கஞ்சாவை வைத்தவர்கள் காவலரே என்பதும் வெளிவந்தன. மூன்று காவலர் சிறைசென்றனர். 2025 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், வாகனச் சோதனை ஒன்றைப்பற்றிய பார்ன்ஸ் எதிர் பீலிக்ஸ் வழக்கில், ஆபத்து நேர்ந்த கணத்தை மட்டும் நோக்கும் முறையை ஒருமனதாகத் தள்ளியது. ஆபத்தை உண்டாக்கியவர் காவலரே எனில் என்ன என்பதை மட்டும் தீர்க்காமல் விட்டது.

5. நம் கடமை

உபாகமம் 21:1-9இல், கொன்றவன் அறியப்படாத பிணம் வயலிலே கிடக்கிறது. மூப்பர்கள் புறப்பட்டுவந்து, பிணத்திலிருந்து சுற்றுப்பட்டணங்கள்வரை தூரம் அளக்கிறார்கள். கிட்டின பட்டணத்து மூப்பர் ஆண்டவர்முன் நின்று விடைசொல்லவேண்டும். கொன்ற கை தெரியாதபோதும் பட்டணத்தின் கணக்குத் தீரவில்லை. கொன்ற கை தெரிந்தபோது அது எவ்வாறு தீரும்?

இத்தகைய மரணத்தைக்குறித்துப் பிரசங்கபீடத்திலோ வகுப்பறையிலோ பேச நேரும் திருப்பணியாளர், காவலரை விடுவிப்பதற்கும் தண்டிப்பதற்கும் விரையுமுன் அளவுகோலைக் கையிலெடுக்கக் கடமைப்பட்டவர். துப்பாக்கியிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து கையொப்பமிட்ட மேசைக்கும், மேசையிலிருந்து அம்மேசையை நம்பி உறங்கிய நகரத்துக்கும் அவர் அளக்கட்டும். அந்நகரத்தின் மூப்பர் வரிசையில் திருச்சபையின் மூப்பரும் நிற்கின்றனர் என்பதை மறவாதிருப்பாராக.