மறைந்து எய்தவனும் மறுமொழி கூறவேண்டும்

போர் தொடங்குமுன் பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காவலான இடம் சேர்க என அறிவித்த பின்னரே அம்பு தொடுப்பவன் என்று, பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புகழ்வதைப் புறநானூற்றின் 9-ஆம் பாடலில் காணலாம். அறிவித்து எய்தலை அறமெனப் போற்றிய இம்மரபுக்கு, மறைந்து நின்று கொல்லுதல் என்றும் நெஞ்சை உறுத்தும் பொருளாகவே இருந்துவந்துள்ளது.

அவ்வுறுத்தலின் உச்சம் கம்பரின் வாலி வதைப் படலம். மறைந்து நின்ற இராமனின் அம்பு மார்பில் தைத்த பின்னும் வாலி உடனே மாய்ந்துவிடவில்லை. அம்பிற் பொறித்த பெயரைக் கண்டு, எய்தவன் இன்னான் எனத் தெளிந்து, அவனை நேரில் நிறுத்தி வினவுகிறான். இராமன் விடையிறுக்கிறான், மறைந்து நின்றதற்குரிய காரணத்தை இலக்குவன் எடுத்துரைக்கிறான். அவ்விடைகள் போதுமா, போதாவா என்று பட்டிமன்றங்கள் இன்றளவும் வழக்காடுகின்றன. கொல்லப்படுபவனுக்கு வினவும் வாயையும், கொன்றவனுக்கு விடை சொல்லும் கடமையையும் ஒருங்கே வழங்கினார் கம்பர். அப்படலம் அறநூலாக உயர்வது இதனாலேதான்.

இந்த அளவுகோலைப் புதியதொரு கலைக்கும் பொருத்திப் பார்க்கவேண்டிய காலம் வந்துள்ளது. மலாக்கா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், திருவிழா மேடையில் இராமாயணக் கதையைக் கண்டு வளர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் கணினித் திரையில் கதைகளை ஆடி அறிகின்றனர். மேடையைப் பார்த்தவன் இராமன் எய்வதைக் கண்டான். கணினி விளையாட்டில் ஆடுபவனோ தானே எய்கிறான். ஆகவே, 'அவன் செய்தது தகுமா?' என்ற பழைய வினா, 'நீ செய்தது தகுமா?' என்று மாறிவிடுகிறது. பதுங்கிச் சென்று கொல்லும் விளையாட்டுகள் இவ்வினாவை எங்ஙனம் எதிர்கொள்கின்றன?

டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹிட்மேன்' வரிசையின் நாயகனுக்குப் பெயரில்லை. 47 என்னும் எண்ணே அடையாளம். கூலிக்குக் கொல்லும் அவன், மாற்றுடை பூண்டு இலக்கை நெருங்குகிறான். குறித்தவரை மட்டும் கொன்று, எவர் கண்ணிலும் படாமல் மீள்பவனுக்கே 'ஓசையற்ற கொலைஞன்' என்னும் உயர்தரம் கிட்டும். பிறரைக் கொன்றால் மதிப்புக் குறையும். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் அவ்வொழுங்கு அளப்பது கைத்திறனையே. கொல்லப்படவேண்டியவர் இவர்தாமா என்று வினவும் வாய்ப்பு ஆடுபவனுக்கு இல்லை. 2018-இல் வெளிவந்த 'ஹிட்மேன் 2' மும்பையைக் களமாகக் கொண்ட ஒரு பகுதியில், இலக்குகளுள் இருவரை வேறொரு கொலையாளியின் குறிக்குள் வரச்செய்து அவனைக் கொண்டே முடிக்கவும் வழி உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்னும் பழமொழியை அறிந்த மாணவன், அங்கே எய்தவன் யாரென எளிதில் உணர்வான்.

பிரான்சின் லியோன் நகரத்து ஆர்க்கேன் நிறுவனம் 2012-இல் படைத்த 'டிஸ்ஹானர்ட்' ஒருபடி மேலே செல்கிறது. பேரரசியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட மெய்க்காவலன் கோர்வோ, ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். கொலைகள் பெருகினால் நகரில் எலிகளும் கொள்ளைநோயும் பெருகும், முடிவும் இருளும். செயலுக்கு விளைவு உண்டு என்னும் பாடம் இதில் உண்டு. எனினும் கொல்லாத வழிகளைக் கூர்ந்து நோக்கின் திடுக்கிட நேரும். பெண்ணொருத்தியை மயக்கமுறச் செய்து, அவளை விரும்பித் திரிபவனிடம் ஒப்படைப்பது ஒரு வழி. உடன்பிறந்த இருவரின் நாவை அறுத்து, அவர்தம் சுரங்கத்திலேயே அடிமைகளாக உழலச் செய்வது மற்றொரு வழி. இவற்றையும் விளையாட்டு குறைந்த கேடாகவே கணக்கிடுகிறது.

வள்ளுவர் கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னே 32-ஆம் அதிகாரமாக இன்னாசெய்யாமையை வைத்தார். முன்னதைத் தாண்டிப் பின்னதை மட்டும் பற்றிக்கொண்டால் அறம் முடமாகும் என்பதற்கு இவ்விளையாட்டே தக்க சான்று.

கம்பருக்கு மிக அணுகி வருவது ஜப்பானியர் ஹிடியோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட் 3' (2004). அதில் நாயகன் ஓர் ஆற்றில் நடக்கிறான். அதுவரை ஆடுபவன் கொன்றோர் அனைவரும் ஆவியுருவில் எதிரே வருகின்றனர். கொலை மிகுந்தவனுக்கு ஆறு நீண்டதாகும். கொல்லாதவனுக்குக் கடத்தல் எளிது. மாண்டோரை மீண்டும் காணவேண்டிய கட்டாயம் அங்கே பிறக்கிறது. வாலியைப் போல் அவர்கள் நின்று வாதிடுவதில்லை. ஆயினும் எண்ணிக்கையாய்க் கழிந்தோர் அங்கே முகம் பெறுகின்றனர்.

மலாக்கா மண்ணுக்கும் இவ்வினா புதிதன்று. ஹங் துவா காவியத்தில், மன்னன் ஆணைக்குப் பணிந்து தன் உயிர்த்தோழன் ஹங் ஜெபாட்டை ஹங் துவா கொல்கிறான். தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக எழுந்தவனையே அவன் வீழ்த்தினான் என்பதே துயரம். பிற்கால மலாய் எழுத்தாளர் இக்கதையைத் திருப்பிப் பார்த்தனர். உஸ்மான் அவாங் 1961-இல் இயற்றிய நாடகத்தில் மாவீரன் என்னும் பெருமை ஜெபாட்டுக்கே உரியது. வீழ்ந்தவன் பக்கம் நின்று கதையை மறுபடி கேட்கும் துணிவு வளர்ந்த இலக்கியத்தின் இலக்கணம். கம்பரும் உஸ்மானும் இங்கே தோழராகின்றனர்.

இவ்விளையாட்டுகளை நஞ்செனத் தள்ளுவதால் ஆசிரியர்க்குப் பயனில்லை. கலையென வாய்மூடிப் போற்றுவதாலும் பயனில்லை. 'ஹிட்மேன்', 'டிஸ்ஹானர்ட்' ஆகியவை ஐரோப்பியத் தரப்படுத்தலில் 18 வயது நிரம்பியோர்க்கே உரியவை என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் முதற்கடமை. அவ்வயதை எட்டிய மாணவரிடம் ஒரு பயிற்சி தரலாம்: இறுதியாக வீழ்த்தியவன் வாலியைப் போல் எழுந்து வினவினால், கூறும் விடை யாது? அதை ஒரு பக்க அளவில் எழுதுக. அவ்விடையை எழுத முனைபவன் வாலி வதைப் படலத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவனாக இருக்கமாட்டான்.