பட்லரின் மசோதாவும் நமது சிரிப்பும்

பழமைவாதியைப் பார்த்துச் சிரிப்பது முற்போக்காளருக்குச் சுலபமான வேலை. சிரித்து முடித்ததும் விமர்சனமும் முடிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஜான் வாஷிங்டன் பட்லர் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அவர் கொண்டுவந்த சட்டம் மட்டும் தெரியும். 1925இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், பரிணாமக் கொள்கையைப் பாடம் நடத்தினார் என்று ஒரு பள்ளி ஆசிரியர்மேல் வழக்குப் போட்டார்களே, 'குரங்கு வழக்கு', அந்தச் சட்டம்தான். அதைப் பற்றி வந்த நாடகமும் (1955) சினிமாவும் (1960) பெரிய வக்கீல்கள் இரண்டு பேரின் மோதலாக விஷயத்தைச் சுருக்கிவிட்டன. சட்டம் எழுதிய கிராமத்து எம்.எல்.ஏ. காணாமல் போய்விட்டார். அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால்தான் பிரச்சினை என்னவென்று புரியும்.

பட்லர் மேக்கன் கவுண்டியில் மக்காச்சோளமும் புகையிலையும் போட்ட விவசாயி. கதிரடிக்கிற மெஷின் வைத்திருந்தார். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இருந்தவர். 'பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட்' என்ற கறாரான சபையைச் சேர்ந்தவர். ஊரிலிருந்து படிக்கப்போன ஒரு பெண் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டுத் திரும்பி வந்ததாக ஒரு பிரசங்கியார் சொல்லக் கேட்டது அவர் மனதில் தங்கிவிட்டது. 1922இல் சட்டசபைக்குப் போனார். 1924இல் மறுபடி நின்றபோது பரிணாமப் பாடத்தைத் தடுப்பேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். தன் 49ஆவது பிறந்தநாள் காலையில் உட்கார்ந்து மசோதாவை எழுதினாராம். 1925 ஜனவரியில் கீழ்ச்சபையில் 71க்கு 5, மார்ச்சில் மேல்சபையில் 24க்கு 6. கவர்னர் ஆஸ்டின் பீ கையெழுத்துப் போட்டார். அரசுப் பணத்தில் நடக்கும் எந்தக் கல்விக்கூடத்திலும், பைபிள் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று சொல்லிக்கொடுத்தால் 100 முதல் 500 டாலர்வரை அபராதம்.

இதுல புரியாத மர்மம் ஒன்றும் இல்லை. டென்னஸியில் 1910இல் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. 1925இல் ஐம்பதாயிரத்துக்கு மேல். அதாவது டார்வின் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. பள்ளிக்கூடம்தான் புதிதாகக் கிராமத்துக்குள் நுழைந்தது. அதோடு அரசு நுழைந்தது, வரி நுழைந்தது, வீட்டுக்கு வெளியே பிள்ளைக்கு இன்னொரு அதிகாரம் முளைத்தது. பள்ளிகளை விரிவாக்கும் சட்டத்தை நிறைவேற்றக் கிராமத்து உறுப்பினர்களின் ஓட்டு கவர்னருக்குத் தேவைப்பட்டது. அதே 1925இல் பள்ளி விரிவாக்கச் சட்டமும் வந்தது, பட்லர் சட்டமும் வந்தது. நவீனமும் பழமையும் ஒரே மேசையில் பேரம் பேசி முடித்துக்கொண்ட கதை இது. ஒன்றை ஒன்று எதிர்த்து நின்றதாக எழுதுவது பிற்காலச் சௌகரியம்.

பட்லர் தரப்பின் வாதம் நேரானது: பள்ளிக்கு வரி கட்டுகிறவன் நான், என் பிள்ளைக்கு என்ன சொல்லித் தரவேண்டும் என்று நானே சொல்லக்கூடாதா? இது அசட்டுக் கேள்வி இல்லை. நிபுணர்களின் அறிவு யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறது என்பது நாமும் கேட்கிற கேள்விதான். அணைக்கட்டு விஷயத்தில் கேட்கிறோம், அணு உலை விஷயத்தில் கேட்கிறோம். அந்த வழக்கில் அறிவியலின் பக்கம் இருந்த பாடப்புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டவேண்டும். ஜார்ஜ் ஹன்டரின் 'சிவிக் பயாலஜி' 1914இல் வந்தது. மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது. 'தரமான' மனிதரை மட்டும் பெருகவிடும் இனமேம்பாட்டு வாதத்தையும் பாடமாகத் தந்தது. விடுதலை தரும் அறிவு என்று நாம் கைதட்டுகிற பிரதிக்குள் இதெல்லாம் இருந்தது.

அப்படின்னா பட்லரை ஒடுக்கப்பட்டோரின் குரலாக எடுத்துக்கொள்ளலாமா? விளிம்புநிலை என்ற சொல்லைக் கண்டாலே உருகிவிடும் நண்பர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பட்லரின் சட்டம் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கிழித்தது என்று பாருங்கள். மனிதனுக்கும் விலங்குக்கும் உறவு சொன்ன பக்கத்தைக் கிழித்தது. மனிதனுக்கு மேல் மனிதனை அடுக்கிய பக்கம் அப்படியே இருந்தது. அதை நடத்த எந்தத் தடையும் இல்லை, அபராதமும் இல்லை. குரங்கோடு உறவு வந்துவிடுமோ என்று பதறிய சமூகத்துக்குக் கறுப்பரோடு உறவில்லை என்ற பாடம் உறுத்தவே இல்லை. டென்னஸியின் 1870ஆம் ஆண்டு அரசியல் சாசனம் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பள்ளியில் உட்காரக்கூடாது என்றே எழுதிவைத்திருந்தது. பட்லரின் 'மக்கள்', 'நம் பள்ளி', 'நம் பிள்ளை' எல்லாம் இந்த வேலிக்குள் அடங்கியவை. பெரும்பான்மை என்ற சொல்லை யார் சொன்னாலும், எண்ணும்போது யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்று கேட்பதே விமர்சனத்தின் முதல் வேலை.

இன்னொரு முரண். அவருடைய சபை மிஷனரிச் சங்கம் வேண்டாம், ஞாயிறு பள்ளி வேண்டாம், குருமடம் வேண்டாம் என்று மறுத்த சபை. ரட்சிப்புக்கு மனிதர் உண்டாக்கிய நிறுவனம் எதுவும் தேவையில்லை என்பது அதன் பிடிவாதம். அப்படிப்பட்ட விசுவாசி கடைசியில் தன் விசுவாசத்தைக் காப்பாற்ற நாடியது எதை? போலீஸையும் கோர்ட்டையும் அபராத ரசீதையும். மதத்தை அரசு காப்பாற்றவேண்டும் என்று கேட்கிற இடத்திலேயே மதம் தன் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

ஆள் கெட்டவர் இல்லை. டேட்டன் ஊரில் வழக்கு நடந்தபோது பத்திரிகைகளுக்காகப் பார்வையாளராக வந்திருந்தார். விஞ்ஞானிகளின் சாட்சியை ஜூரிக்குமுன் வைக்கக்கூடாது என்று நீதிபதி தடுத்தபோது, பேசவிட வேண்டும், பரிணாமம் என்றால் என்னவென்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை என்றவர் பட்லர். தனக்குத் தெரியாத ஒன்றைத் தடைசெய்தார் என்று இதை வைத்துக் கேலி செய்யலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நியாய உணர்வும் கேட்கும் மனசும் உள்ள ஒரு நல்ல மனுஷன் அப்படிப்பட்ட சட்டத்தை எழுதமுடிகிறது. அவர் நல்லவர் என்பதால் சட்டம் ஒரு துளியும் இளகவில்லை. டேட்டனுக்கு வந்து கிராமத்தாரை வாய்க்கு வந்தபடி ஏசி எழுதிய மென்கனின் கிண்டல் நகரத்து வாசகரைச் சிரிக்கவைத்தது. கிராமத்தில் ஒருவரையும் அது மாற்றவில்லை. அதே 1925இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' தொடங்கிய பெரியார், சாஸ்திரத்தைக் கேள்விகேட்கப் பாமரரின் பேச்சுமொழியையே எடுத்துக்கொண்டார். பாமரரைப் பற்றிப் பேசுவதற்கும் பாமரரோடு பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆசிரியருக்கு விதித்த 100 டாலர் அபராதம் 1927இல் ஒரு சட்ட நுணுக்கத்தில் ரத்தானது. சட்டம் 1967வரை இருந்தது. அதன் உண்மையான வெற்றி கோர்ட்டில் கிடைக்கவில்லை, சந்தையில் கிடைத்தது. 1926இல் வந்த ஹன்டரின் திருத்திய பதிப்பில் பரிணாமம் என்ற சொல்லே இல்லை. சந்தை போய்விடுமென்று பதிப்பாளர்கள் தாங்களாகவே கத்தரித்தார்கள். 2012இல் அதே டென்னஸியில் வந்த இன்னொரு சட்டம் எதையும் தடைசெய்யவில்லை. பரிணாமக் கொள்கையின் 'பலவீனங்களை' அலசும் ஆசிரியரைத் தடுக்கக்கூடாது என்றது. தடை இப்போது சுதந்திரத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு வருவோம். 2018இல் டார்வின் சொன்னது தவறு என்று ஒரு மத்திய இணையமைச்சர் பேசினார், அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள், நாமும் சிரித்தோம். பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி போய்விட்டது. 2023இல் 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். காரணம் கேட்டால் பாடச்சுமை குறைப்பு என்றார்கள். மசோதா இல்லை, விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. பட்லர் தன் தொகுதியில் நின்று இதைச் செய்வேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். எதிர்த்து ஓட்டுப் போட ஐந்து பேருக்கு அங்கே இடம் இருந்தது. இங்கே அந்த ஐந்து பேர் எங்கே உட்கார்ந்து எதிர்ப்பது? பட்டிக்காட்டு எம்.எல்.ஏ.வைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், பெயரில்லாத குழுக்களின் கத்தரிக்கோலைப் பார்த்தும் கொஞ்சம் யோசிக்கலாம்.