வாசகர் சேர்ப்பும் பின்னூட்டமும்

ஆடி மாதம் கூழ் வார்க்கும் விழாவில் ஒலிபெருக்கி திடீரென்று ‘கீ’ என்று அலறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒலிவாங்கியைக் கையில் பிடித்தவர் அப்போது பேசவே தொடங்கியிருக்க மாட்டார். பெட்டியிலிருந்து வரும் மெல்லிய இரைச்சல் ஒலிவாங்கிக்குள் புகுகிறது. பெருக்கி அதைப் பெரிதாக்கிப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெரிதான இரைச்சல் மறுபடியும் ஒலிவாங்கிக்கு வருகிறது. ஒரு நொடிக்குள் நாம் காதைப் பொத்திக்கொள்ள நேரிடுகிறது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புவதைப் பின்னூட்டம் என்கிறோம். உள்ளீட்டை வலுப்படுத்தும் வகையில் திருப்பினால் அது நேர்ப் பின்னூட்டம்; அதைக் குறைக்கும் வகையில் திருப்பினால் எதிர்ப் பின்னூட்டம். பள்ளி இறுதி வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தியே.

2003, 2004-ஆம் ஆண்டுகளையொட்டித் தமிழில் வலைப்பதிவு எழுத வந்தவர்கள், வாசகர் எழுதும் கருத்துரைக்கும் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ, பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இன்று சமூக ஊடகத்தின் வழியே வாசகரைத் திரட்ட முயலும் அறிவியல் எழுத்தாளர், இவ்விரு வகைப் பின்னூட்டங்களில் எதனிடம் தம்மை ஒப்படைக்கிறார்? இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவர் ஒரு மாணவர். நான் பணியாற்றும் கல்லூரி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருக்கிறது. விடியற்காலையில் வரிசையாக ஓடும் தொழிற்சாலைப் பேருந்துகளின் சன்னல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசியின் நீல வெளிச்சம் தெரியும். எங்கள் மாணவர் பலருடைய அண்ணனும் அக்காவும் அந்தப் பேருந்துகளில்தான் போகிறார்கள். தமிழ்வழியில் படித்த அம்மாணவருக்கு அறிவியல் எழுத ஆசை. “சார், எழுதுறது ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்ல ஃபாலோயர்ஸ் வேணும்னு சொல்றாங்க. எப்படி சார் சேர்க்கிறது?” என்று கேட்டார். அவரைப் பின்தொடர்வோர் அன்று 43 பேர்.

இதற்கு விடை சொல்லும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. நாள் தவறாமல் எழுது, முதல் வரியிலேயே வியப்பை வை, படம் போடு, வாசகரைக் கேள்வி கேள், சண்டை வந்தால் விலகாதே. இவற்றுள் சில நல்லவையே. தொடர்ந்து எழுதுவது எந்த எழுத்தாளருக்கும் வேண்டிய பழக்கம்தான். ஆனால் எல்லா அறிவுரைகளும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டே சொல்லப்படுகின்றன. அந்த முள் எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று காட்டுகிறது. எத்தனை பேருக்குப் புரிந்தது என்று காட்டும் முள் அக்கருவியில் இல்லை.

அந்த முள்ளுக்குப் பின்னால் இருக்கும் பெருக்கியையும் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் 2009-இல் விருப்பக் குறியைக் கொண்டுவந்தது. 2017-இல், கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. இந்தச் செய்தி 2021-இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. யூடியூப் 2012 முதல், மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதையே முதன்மையான அளவாக்கிக்கொண்டது. அதிகம் பேர் தொட்ட பதிவை மேலும் பலருக்குக் காட்டு. அவர்களும் தொட்டால் இன்னும் பலருக்குக் காட்டு. இது நேர்ப் பின்னூட்டச் சுற்று அன்றி வேறென்ன? இத்தகைய சுற்றில் உள்ளீடு நல்ல பாட்டா, வெறும் இரைச்சலா என்பது பெருக்கிக்குப் பொருட்டில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2021-க்குப் பின் கோடை முடியும் காலங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம் வந்தது. ‘அல்பெலியன்’ என்னும் நிகழ்வால் பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் விலகப் போகிறது, ஆகஸ்டு வரை கடுங்குளிர் அடிக்கும், உடல் வலியும் சளியும் வரும் என்பது அதன் சாரம். வழக்கமாகச் சூரியன் ஐந்து ஒளி நிமிடத் தொலைவில், அதாவது 9 கோடி கிலோமீட்டரில் இருக்கிறதாம், அது 15.2 கோடி ஆகிவிடுமாம்! சொல்லே பிழை. அஃபீலியன் என்பதே சரி. தமிழில் சூரியச் சேய்மை நிலை. அது ஆண்டுதோறும் சூலை முதல் வாரத்தில் ஓசையின்றி வந்து போகிறது. அப்போது தொலைவு 15.2 கோடி கிலோமீட்டர் என்பது மெய்தான். ஆனால் சனவரித் தொடக்கத்தில், மிக அருகில் இருக்கும்போதும், தொலைவு 14.7 கோடி. 9 கோடி கிலோமீட்டரில் பூமி இருந்தால் அது வெள்ளிக் கோளின் பாதைக்கும் உட்புறம் அல்லவா சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்? வெள்ளியே 10.8 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது. தொலைவின் இருமடி எதிர்விகித விதிப்படி, நம்மை அடையும் சூரிய ஒளி சனவரியைவிடச் சூலையில் ஏறத்தாழ 6.5 விழுக்காடு குறைகிறது, அவ்வளவே. சூரியன் மிக அருகில் இருக்கும் காலத்தில்தான் நமக்கு மார்கழிப் பனி என்பதை நினைவில் கொண்டாலே, இச்செய்தியின் கதை முடிந்துவிடும். பருவங்களுக்குக் காரணம் பூமி அச்சின் சாய்வு.

இந்தக் கணக்கை நான் என் பக்கத்தில் எழுதினேன். 19 பேர் விரும்பினார்கள். அதே வாரத்தில், மழைநீரில் நின்றுபோன கல்லூரிப் பேருந்தின் படம் ஒன்றைப் போட்டேன். அதற்கு 600 பேர்!

இதில் வியப்பில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 விழுக்காடு மிகுதி. 1,500 பேரை எட்டுவதற்கு மெய்க்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் ஆயிற்று. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பொய்யில் இருக்கும் புதுமைதான் மனிதரைப் பகிரத் தூண்டுகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

பிறரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நானும் அந்த முள்ளைப் பார்த்து எழுதியவன்தான். ஒரு டிசம்பரில் ஜெமினிட் எரிகற்பொழிவைப் பற்றி எழுதினேன். ‘இன்றிரவு வானில் ஒளிமழை! மணிக்கு 120 எரிகற்கள்!’ என்று தலைப்பிட்டேன். முகில் இல்லாத, முற்றிலும் இருண்ட வானில், பொழிவு தலைக்கு நேர்மேலே வரும்போதுதான் அந்த எண்ணிக்கை பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வானமோ தொழிற்சாலை விளக்குகளால் இரவு முழுதும் வெளுத்துக் கிடப்பது; டிசம்பரோ வடகிழக்குப் பருவமழைக் காலம். இவற்றைக் கடைசிப் பத்தியில் சிறிதாகச் சொன்னேன். பதிவு ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தது. மறுநாள், தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார்: “சார், பி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒன்பது பேர் மூணு மணி வரைக்கும் நின்னோம். ஒண்ணுமே தெரியல. அடுத்த தடவை சரியா சொல்லுங்க சார்.” மாலை முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், என் தலைப்பை நம்பி மேலும் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அன்றே திருத்தம் எழுதினேன். முதல் பதிவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கினர்கூட அதைப் பார்க்கவில்லை.

எங்கள் பகுதியில் இதைவிடப் பெரிய இரவு ஒன்றும் உண்டு. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உணவும் இருப்பிடமும் சரியில்லை என்ற குறை உண்மையானது. அதை வெளியுலகம் அறிந்ததில் கைப்பேசிக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆனால் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தியும் அதே கைப்பேசிகளின் வழியாகத்தான் பரவியது. எவரும் இறக்கவில்லை. ஆயினும் தோழியைக் காணாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தபோது, மெய்க்குறையையும் பொய்ச்செய்தியையும் பிரித்துக் காட்டும் எழுத்து அவர்கள் கையில் இல்லை. அறிவியல் எழுதும் எங்களைப் போன்றோருக்கு இப்பகுதியில் நம்பிக்கைக்குரிய வாசகர் வட்டம் இருந்திருந்தால், உணவு நஞ்சாவது எவ்வாறு, அதன் அறிகுறிகள் யாவை, எப்போது அஞ்ச வேண்டும் என்றாவது அன்றிரவே எழுதியிருக்கலாம். வாசகர் சேர்ப்பது வீண் வேலை என்று நான் சொல்லாததற்கு இதுவே காரணம்.

பிறகு, எவ்வாறு சேர்ப்பது? 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள், பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், வேலைக்குப் படகில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு யோசனை கண்டார். தொலைபேசிப் பெருக்கிகள் குரலை உருக்குலைத்தன. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டில் சேர்த்தால் பெருக்கம் குறையும், ஆனால் உருக்குலைவும் குறையும் என்று அவருக்குத் தோன்றியது. அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவதா என்று பலர் நம்ப மறுத்தார்கள். காப்புரிமை கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று பெரும்பாலான நல்ல ஒலிபெருக்கிகளில் எதிர்ப் பின்னூட்டம் உண்டு.

தமிழில் இதற்கு இணையாக எனக்குத் தோன்றுவது, தினமணி நாளிதழில் பணியாற்றிய மூத்த பத்திரிகையாளர் என். ராமதுரை நடத்திய ‘அறிவியல்புரம்’ வலைப்பதிவு. அச்சிதழில் நெடுங்காலம் எழுதியவர், முதிய வயதில் இணையத்துக்கு வந்தார். மங்கள்யான் செவ்வாய்க்குப் புறப்பட்ட 2013-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அப்பதிவு எங்களைப் போன்றோருக்கு ஒரு வகுப்பறையாக இருந்தது. வாக்கியங்கள் சிறியவை, அலங்காரம் இல்லை. கட்டுரையைவிடச் சுவையானது அதன் அடியில் நடந்த உரையாடல். வாசகர் ஐயம் எழுப்புவார். அவர் பெயர் சொல்லி விடையளிப்பார். எந்த இடத்தில் தம் விளக்கம் வாசகருக்கு எட்டவில்லை என்பது எழுத்தாளருக்கு உடனே தெரிந்துவிடும். பழைய இதழ்களுக்கு அஞ்சலட்டை செய்த வேலையை இங்கே பின்னூட்டம் செய்தது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: அவர் கட்டுரைகளில் சமன்பாட்டைக் காண்பது அரிது. கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் மாணவர் இன்னும் ஒரு படி ஏறியிருப்பார்களே என்று என்னைப் போன்ற ஆசிரியனுக்குத் தோன்றும். அவர் வாசகர் தொகை இன்றைய யூடியூப் கணக்கில் சிறியது. ஆயினும் அவர்கள் அடுத்த கட்டுரைக்குக் காத்திருந்த வாசகர்கள்.

காணொளியைத் தாழ்த்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். எல்.எம்.இ.எஸ்., மிஸ்டர் ஜி.கே. போன்ற தமிழ்க் காணொளிப் பக்கங்களை இலட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். ஓர் எந்திரத்தின் உட்பகுதியை அசையும் படமாகக் காட்டுவதில் அச்செழுத்து அவற்றோடு போட்டியிட முடியாது. என் குறை வேறு. ஆயிரக்கணக்கான கருத்துரைகளுக்கு நடுவே பிழையைச் சுட்டும் ஒரே ஒரு வரியை யார் தேடிக் கண்டுபிடிப்பது? கண்டாலும், வெளியான காணொளியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது எளிதா? வட்டம் பெரிதாகும் அளவுக்கு எதிர்ப் பின்னூட்டம் மெலிகிறது.

சேர்த்த வட்டமும் நமக்குச் சொந்தமன்று. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே எழுதிய தமிழர்களின் உரையாடல்களும் அதோடு போயின. 2020 சூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, இலட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையராயினர். வாடகை வீட்டுத் தோட்டத்தில் தென்னை நடுவது போன்றது இது.

அந்த மாணவருக்கு வருவோம். முள்ளைப் பார்க்காமல், தெரிந்த ஒன்றை, தெரிந்தவர்கள் படிக்கும்படி எழுதிப் பாருங்கள் என்றேன். அவருடைய அண்ணன் வண்டித் தொழிற்சாலையில் வண்ணப்பூச்சுப் பிரிவில் இருக்கிறார். வண்டியின் உடற்கூட்டை நீர்த்தொட்டியில் முக்கி, மின்னழுத்தம் கொடுத்து, அடிப்பூச்சைப் படியவைப்பது எப்படி என்று எழுதினார். பிறகு அதை 180 டிகிரியில் சுடுவார்கள் என்று முடித்தார். எட்டுப் பேர் விரும்பினார்கள். ஒன்பதாவதாக வந்தவர் முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி. அவர் விருப்பக் குறி எதுவும் போடவில்லை, இப்படி எழுதியிருந்தார்: “தம்பி, 180-னு போட்டிருக்கியே, அது ஓவனுக்குள்ள இருக்கிற காத்தோட சூடா, தகட்டோட சூடா? ரெண்டும் ஒண்ணு இல்ல. கனமான இடம் சூடேற நேரம் ஆகும்.”

மாணவர் கைப்பேசியோடு என் அறைக்கு ஓடி வந்தார். எனக்கும் அந்த ஐயம் தோன்றியிருக்கவில்லை. கரும்பலகையில் தகட்டின் நிறையையும் வெப்ப ஏற்புத்திறனையும் எழுதிக் கணக்குப் போடத் தொடங்கினோம். பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியை வீட்டில் போட்டு வருகிறேன் என்று படம் பிடித்துக்கொண்டு போனார்.