மீண்டவர் எழுதும் சிறுவயது: துயர நினைவுநூல்களின் வலிமையும் குறையும்

வறுமை, சாதி இழிவு, குடும்ப வன்முறை, போர் ஆகியவற்றுக்குள் கழிந்த சிறுவயதை, அதிலிருந்து மீண்டு வளர்ந்தவர் பின்னாளில் தாமே எழுதும் நினைவுநூல், கடந்த முப்பது ஆண்டுகளில் உலகப் புத்தகச் சந்தையில் பெருவிற்பனை காணும் வகையாகியிருக்கிறது. அயர்லாந்தின் லிமரிக் நகரில் பசியோடு வளர்ந்த கதையைச் சொல்லும் பிராங்க் மக்கோர்ட்டின் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' 1996இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. ஆயினும் தமிழில் இவ்வகை எழுத்து அந்தச் சந்தையைப் பார்த்து உருவானதன்று. பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' மக்கோர்ட்டின் நூலுக்கு நான்காண்டு முன்னரே, 1992இல், வெளிவந்துவிட்டது.

இவ்வகை நூல்களின் முதன்மையான வலிமை சாட்சியம். அரச அறிக்கை ஒரு கிராமத்தின் குடும்பங்களை எண்ணுமேயன்றி, பொதுக் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் மனத்தில் என்ன படிகிறது என்பதைப் பதிவதில்லை. 'கருக்கு' அதைப் பேச்சுமொழியிலேயே பதிந்தது. கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்கிறது: கிராமங்களில் பட்ட அவமானத்தை எழுதும்போதே, இளையான்குடி முஸ்லிம்களிடையே சாதி கேளாமல் பழக முடிந்ததையும் எழுதி, இழிவு இயற்கையானதன்று, இடத்துக்கு இடம் மாறும் மனித ஏற்பாடு என்பதை வாதமின்றி நிறுவுகிறது. துயரத்தை அடுக்கிக் காட்டும் நூல்களுக்கும் துயரத்தின் காரணத்தைக் காட்டும் நூல்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

குறை பெரும்பாலும் கதையின் வடிவத்தில் இருக்கிறது. துன்பம், போராட்டம், வெற்றி என்ற ஏறுமுக வரிசைக்குள் சிறுவயதை அடக்கும்போது, மீண்டது எழுதுபவரின் மனவுறுதியாலேயே என்ற எண்ணம் தானாக உருவாகிறது; மீளாதவர்களோ எழுதுவதில்லை. மீள்திறன், அதாவது கடும் இடருக்குப் பின்னும் இயல்பாக வளரும் ஆற்றல், பற்றிய ஆய்வுகள் இந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னரின் குழு, கடும் இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவர் நலமான இளைஞர்களாக உருவானதைக் கண்டது. அவர்களது இயல்போடு, பெற்றோரோ உறவினரோ அயலவரோ யாராவது ஒருவர் உறுதியாகத் துணை நின்றதும் அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையை அறிந்தவருக்கு இது புதுமையன்று. ஆலையடிவேம்பின் தமிழரும் அடுத்துள்ள அக்கரைப்பற்றின் முஸ்லிம்களும் தாய்வழியாகக் 'குடி' எனும் மரபுக்குழுவைக் கணக்கிடுபவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதால் தாயின் சகோதரிகள் பெரும்பாலும் அருகருகே வாழ்வார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். 2004 சுனாமியில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதில் தாயை இழந்த பிள்ளையையும், தாய் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்ற பிள்ளையையும் தாங்கியவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர்கள் பாட்டியரும் தாயின் சகோதரியருமான பெத்தாவும் மூத்தம்மாவும் சின்னம்மாவும் சாச்சியுமே. தன்மை ஒருமையில் நகரும் வெற்றிக்கதையில் இப்பெண்கள் இரண்டொரு பத்திகளுக்குள் நன்றியோடு மறைந்துவிடுகிறார்கள். இதை அடக்கக் குறைவு என்பதைவிட உண்மைக் குறைவு என்பதே பொருந்தும்.

உண்மை பற்றிய இன்னொரு சிக்கலும் உண்டு. நூலின் ஆசிரியரும் அதில் பேசுபவரும் ஒருவரே என்று வாசகருக்கு அளிக்கப்படும் உறுதியை, பிரெஞ்சுத் திறனாய்வாளர் பிலிப் லெஜூன் 1975இல் 'தன்வரலாற்று ஒப்பந்தம்' என்றார். பதினேழு வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்ததாகக் கூறி, நிரோமி டி சொய்சா என்ற புனைபெயரில் 2011இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'தமிழ் டைகிரஸ்' நூலின் நம்பகத்தன்மை கடும் விவாதத்துக்குள்ளானது, அந்த ஒப்பந்தம் எவ்வளவு எளிதில் ஆட்டங்காணும் என்பதைக் காட்டியது. பெயரை மறைப்பதற்குப் போர்ச் சமூகத்தில் நியாயம் உண்டு என்பதும் மறுக்கத்தக்கதன்று.

அம்பாறைக் கரையின் காயங்கள் பெரிதும் நாவலிலும் கவிதையிலும் தங்கியிருப்பதற்கும் பெயர் சொல்வதிலுள்ள இந்தத் தயக்கமே காரணமாகலாம். அயலவரைப் பெயர்சொல்லிக் குற்றஞ்சாட்டிவிட்டு மறுநாள் அதே சந்தையில் அவரிடம் மீன் வாங்க முடியாது. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாக்கி, தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்ததையும் பிரிந்ததையும் வட்டாரப் பேச்சிலேயே சொல்கிறது. நாவலாக இருப்பதால் இரு பக்கத்து மனங்களுக்குள்ளும் அதனால் நுழைய முடிகிறது; ஒரே குரலில் பேசும் நினைவுநூல் தன் சமூகத்தின் இழப்பை மட்டும் துல்லியமாகவும் மற்றதன் இழப்பை மங்கலாகவும் தர நேர்கிறது. ஆனால் இன்னாருக்கு இன்ன நாளில் இது நடந்தது என்று பொறுப்பேற்றுச் சொல்லும் கடமையை நாவல் ஏற்பதில்லை. அந்த வெற்றிடத்தை நினைவுநூலே நிரப்ப முடியும்.

1985, 1990ஆம் ஆண்டுகளின் இன வன்செயல்களை ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் சிறுவராகக் கண்டவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எழுத முனையும் ஒவ்வொருவரும், தம்மை வளர்த்தவர்களுள் இன்னும் உயிரோடிருப்பவரிடமும், இரு ஊர்களையும் பிரிக்கும் எல்லை வீதிக்கு அப்பால் அதே வயதில் அதே நாட்களைக் கழித்தவரிடமும் முதலில் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.